விமானத்தை வாங்கன்னு கேட்ட ஊர்

எங்க ஊர்ல ஒரு பிள்ளைக்கு என்ன வயசுன்னு கேட்டா வருசம் மாசமெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்க, விமானம் வந்து நின்னதுக்கு முந்திப் பொறந்ததா பிந்திப் பொறந்ததான்னுதான் சொல்லுவாங்க, அதையும் ஏதோ டவுன் பஸ்ஸு வந்து நின்னதைச் சொல்லுத மாதிரி சாதாரணமாச் சொல்லுவாங்க, கேக்குதவனுக்குத்தான் வாய் பொளந்துரும். ஊரு பேரு கள்ளிநேரி. சுத்தி காத்தாலை, நடுவுல ஒரு குளம், குளத்துல தண்ணி கிடக்கிறது கொஞ்ச நாள், மத்த நாளெல்லாம் ஆடு மேயும், பயலுக கிரிக்கெட் ஆடுவானுக. நான் இங்க மைக் செட் வச்சிருக்கேன். சுயம்புலிங்கம்னு பேரு, ஆனா சுயம்பு சவுண்டுன்னு கேட்டாத்தான் வழி சொல்லுவாங்க. ஒரு காதுகுத்து, ஒரு கல்யாணம், ஒரு கோயில் கொடை, எதுவும் என் குழாய் கத்தாம இங்க நடந்தது கிடையாது, அதனால இந்தக் கதையச் சொல்ல என்னை விட்டா ஆளு கிடையாது, இருந்தாலும் நான் விட மாட்டேன்.

கதை விமானத்துல ஆரம்பிக்கல, ஒரு வார்த்தையில ஆரம்பிக்குது. வைகுண்டமணி அண்ணாச்சி வீட்டுல மக சுபிதாவுக்குக் காதுகுத்து, அப்ப அது சின்னப் பிள்ளை. அண்ணாச்சி பெண்டாட்டி தங்கபுஷ்பத்துக்குக் கூடப் பொறந்த அண்ணன் ஆதிலிங்கம், சென்னையில பலசரக்குக் கடை வச்சு நல்லா இருக்கிற மனுசன், மருமகளுக்கு மாமன் சீர்னு தட்டுத் தட்டா எடுத்துக்கிட்டு மேளத்தோட வந்து வாசல்ல நின்னாரு. நின்னாரு, நின்னாரு, நின்னுக்கிட்டே இருந்தாரு. வாங்கன்னு ஒரு வார்த்தை யாரும் கேக்கல. அண்ணாச்சி பந்தியில எலை போட ஆளப் பிடிச்சுக்கிட்டு, அவ அண்ணன்தானே, அவ கேட்டிருப்பான்னு இருந்துட்டாரு. தங்கபுஷ்பம் அடுப்படியில பாயாசத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு, வெளிய நிக்கிற புருசன் கேட்டிருப்பாவன்னு இருந்துட்டா. எங்க பக்கத்துல சோறு போடாட்டாக்கூட மன்னிச்சிருவாங்க, வாங்கன்னு கேக்காட்டா மன்னிக்க மாட்டாங்க. ஆதிலிங்கம் திரும்பி நடந்தாரு, தட்டு தட்டுக்குப் பின்னால, மேளக்காரங்க கடைசியா, என்ன வாசிக்கன்னு தெரியாம சும்மா நடந்தாங்க. அன்னையில இருந்து அண்ணன் தங்கச்சிக்குள்ள பேச்சில்ல.

"வந்தவரு உள்ள வரவேண்டியதுதான, நான் என்ன வெத்தலை பாக்கு வைக்கணுமா?"ன்னு தங்கபுஷ்பம் ஊர் பூராச் சொன்னா. "கேக்காத வீட்டுல கால் வைக்க நான் என்ன நாயா?"ன்னு ஆதிலிங்கம் சென்னை பூராச் சொன்னாரு. இப்படியே சுபிதா வளந்து, படிச்சு, கல்யாணத்துக்கும் வந்துட்டா.

கல்யாணம் ஆனி மாசக் கடைசி முகூர்த்தம். அதை விட்டா ஆடி பொறந்துரும், ஆடியில கல்யாணம் கிடையாது, காத்துதான். பத்திரிகை ஆதிலிங்கத்துக்குத் தபால்ல போச்சு, நேர்ல யாரும் போகல, அதுலயும் ஒரு கோவம். எங்க வழக்கத்துல பொண்ணை மணவடைக்குக் கூட்டிட்டுப் போகுறதுக்கு முன்னால தாய்மாமன் மாலை போடணும். சுபிதா இருக்காள்லா, அது அம்மாவுக்குத் தப்பாம பொறந்த பிள்ளை, தெளிவாச் சொல்லிட்டு: "எங்க மாமா மாலை போடாம நான் மணவடையில உக்கார மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் என்ன செய்வியளோ செய்யுங்க." மாமனோ, கல்யாணத்தன்னைக்குச் சென்னையில இருந்தா ஏன் போகலைன்னு நாலு பேரு கேப்பாங்கன்னு, திருவனந்தபுரத்துல கண்ணாசுபத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு விமானத்துல ஏறிட்டாரு. கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியும் அவருக்கு.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது நான் குளத்தங்கரை வேப்பமரத்துல ஏறிக் குழாய் கட்டிக்கிட்டு இருந்தேன். தெனமும் உச்சிப்பொழுதுக்கு எங்க தலைக்கு மேல சென்னையில இருந்து திருவனந்தபுரம் போற சின்ன விமானம் ஒண்ணு போகும், ரெண்டு இறக்கையிலயும் விசிறி வச்சது, அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் பாதி வீட்டுல உலை வைப்பாங்க. அன்னைக்கு அந்தச் சத்தம் பாதியில இருமுச்சு. பாத்தா ஒரு பக்கத்து விசிறி நின்னு போச்சு. சரி, ஒண்ணு நின்னா இன்னொண்ணு இருக்குல்லான்னு நான் நெனச்சு முடிக்கல, அதுவும் நின்னுச்சு. அதுக்குப் பொறவு வந்த அமைதி இருக்கே, என் வாழ்க்கையில எந்தக் குழாயிலயும் அப்படி ஒரு சத்தம் நான் வச்சது கிடையாது. காத்தாலைக்கு நடுவுல தள்ளாடித் தள்ளாடி, இறக்கைய ஒரு பக்கமாச் சாச்சுக்கிட்டு, எங்க தலை மேலயே எறங்குது. ஓடணும்னு ஒருத்தருக்கும் தோணல. உலை வச்ச பொம்பளைங்க, சீட்டாடின ஆம்பளைங்க, மரத்து மேல இருந்த நான், எல்லாரும் கைய மேல நீட்டிட்டோம். தொட்டில்ல இருந்து பிள்ளை உருண்டா எட்டிப் பிடிக்க நீட்டுவோம்லா, அந்த மாதிரி. அவ்வளவு பேரு கை நீட்டினதும் விமானம் குளத்துக்கு நேர் மேல, பனை உயரத்துல, அப்படியே நின்னுச்சு. ஆடல, அசையல. காக்கா ஒண்ணு வந்து வாலுல உக்காந்துச்சு.

"நின்னுட்டு"ன்னு ஒருத்தர் சொன்னாரு.

"ஆமா, நின்னுட்டு. பாவம், வெயில்ல நிக்கி. எத்தனை பேரு இருப்பாவ உள்ள?"ன்னு லிங்கக்கனி அக்கா கேட்டா. அந்த அக்கா பால் மாடு வச்சிருக்கா, யாரைப் பாத்தாலும் சாப்பிட்டியளான்னுதான் கேப்பா. "சோறு கூடப் போடணும்லா"ன்னு சொல்லிட்டு வீட்டுக்கு ஓடினா. எங்க ஊரு ஆச்சரியப்பட்டது அவ்வளவுதான்.

சாயந்தரத்துக்குள்ள அதிகாரிங்க வந்தாங்க, தீயணைப்பு வண்டி வந்துச்சு, டவுன்ல இருந்து கிரேன் வந்துச்சு. வண்டி ஏணிய நீட்டினா விமானத்துக் கதவுக்கு ஒரு முழம் குறையுது. கிரேனத் தூக்கினா அதுக்கும் ஒரு முழம் குறையுது. வெள்ளையடிக்கிற மூங்கில் ஏணி ரெண்ட ஒண்ணாக் கட்டினோம், ஒரு முழம் குறையுது. மேல இன்னொண்ணக் கட்டினோம், அப்பவும் அதே ஒரு முழம்தான். குதிக்கலாம்னு பாத்தா அந்த ஒரு முழம் கண்ணுக்கு முன்னால கடலா விரியுது, கால் வர மாட்டேங்குது. அதிகாரிங்க குடைக்குக் கீழ நின்னு போன் பேசினாங்க, பேசிக்கிட்டே இருந்தாங்க, நாங்க எங்க சோலியப் பாத்தோம். விமானத்துல இருந்து துப்பட்டா துப்பட்டாவா முடிஞ்சு கீழ விட்டாங்க, நாங்க அதுல வாளியக் கட்டித் தண்ணி அனுப்பினோம், இட்லி அனுப்பினோம், கைப்பிள்ளை ஒண்ணு அழுதுச்சுன்னு பால் அனுப்பினோம், போனுக்குச் சார்ஜர் கேட்டு ஒருத்தர் கத்தினாரு, அதையும் அனுப்பினோம். விமானத்து நிழல்ல ஆடுங்க படுத்துக்கிடுச்சு. எங்க வத்தல் காயுத எடத்துல நிழல் விழுதுன்னு ஒரு வீட்டுக்காரி சண்டைக்கு வந்தா, விமானத்தை ரெண்டடி தள்ளி நிறுத்தச் சொல்லுங்கன்னு அதிகாரிகிட்டயே கேட்டா.

காபி வாளி மேல போயித் திரும்பினப்ப ஒரு டம்ளர் மட்டும் குடிக்காம வந்துச்சு. கீழ நின்னு டம்ளர் வாங்கி அடுக்கினது தங்கபுஷ்பம். எவனுக்கு எங்க ஊர்க் காபி கசக்குதுன்னு நிமிந்து பாத்தா. சன்னலோரத்துல ஒரு மூக்கு தெரிஞ்சுச்சு. அந்த மூக்கு அந்தக் குடும்பத்துக்கே உள்ளது, அவளுக்கும் உண்டு, சுபிதாவுக்கும் உண்டு. தங்கபுஷ்பம் டம்ளரக் கீழ வச்சுட்டு வீட்டுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா.

மறுநாள் காலையில லிங்கக்கனி அக்கா பால் செம்ப எடுத்துக்கிட்டு ஏணியில ஏறினா. கதவுல கைப்பிள்ளைக்காரி நிக்கா, ராத்திரி பூரா உக்காந்தே இருந்து மொகம் வாடிப்போச்சு. அக்கா பழக்க தோசத்துல, "வாம்மா, வா, எங்க வீட்டுக்கு வா, பிள்ளையக் குளிப்பாட்டுவோம்"னு சொல்லிட்டா. சொன்ன ஒடனே ஏணி போயிக் கதவைத் தொட்டுச்சு. ஏணி நீண்டுச்சா விமானம் தாழ்ந்துச்சான்னு இன்னைக்கு வரைக்கும் டீக்கடையில சண்டை நடக்கு. அந்தப் பொண்ணு பிள்ளையோட எறங்கி நடந்து லிங்கக்கனி அக்கா வீட்டுக்குப் போச்சு. அவ எறங்கினதும் ஏணிக்கும் கதவுக்கும் நடுவுல மறுபடியும் ஒரு முழம்.

அப்பத்தான் எங்களுக்கு வெளங்குச்சு. அட, வந்தவங்கள வாங்கன்னே நாம கேக்கலைலா! தண்ணி குடுத்தோம், சோறு குடுத்தோம், சார்ஜர் குடுத்தோம், வாங்கன்னு யாரு கேட்டா?

"இவ்வளவுதானா?"ன்னு நான் மைக்க எடுத்தேன். என் தொழில் அதுதானே. "நமது கள்ளிநேரிக்கு வருகை தந்திருக்கும் அனைவரையும் வருக, வருக, வருகவென இருகரம் கூப்பி வரவேற்கிறோம்"னு எட்டு ஊருக்குக் கேக்க அடிச்சு விட்டேன். விமானம் அசையல. அசையலன்னா பரவாயில்ல, லேசா மேல போன மாதிரி இருந்துச்சு, எனக்கு அவமானமாப் போச்சு. பொறவு கட்சிக்காரர் ஒருத்தர் வந்து போட்டோவுக்குக் கும்பிட்டுக்கிட்டு வாங்க வாங்கன்னாரு, ஏணி வழுக்கி அவரு செருப்புக்குப் பக்கத்துலயே விழுந்துச்சு. கூப்பிடுத வாய்க்குப் பின்னால ஒரு அடுப்பு எரியணும், ஒரு பாய் விரிச்சிருக்கணும், அதுதான் விசயம்னு தெரிஞ்சுபோச்சு.

தெரிஞ்ச பொறவு எங்க ஊரக் கேக்கணுமா! வீட்டுக்கு வீடு ஓடி வந்தாங்க. "ஏங்க, கண்ணாடி போட்ட ஐயா, நீங்க எங்க வீட்டுக்கு வாங்க, நாட்டுக்கோழி அடிச்சிருக்கு." "யம்மா, பச்சைச் சேலை, நீ இங்க வா தாயி, எனக்கும் மூட்டு வலிதான், மாடியெல்லாம் கிடையாது." ஒரு வீட்டுக்காரன் கூப்பிட்ட ஆளை இன்னொரு வீட்டுக்காரன் பாதி ஏணியில வச்சு மடக்கி, "எங்க வீட்டுல கறி"ன்னு கூட்டிட்டுப் போயிட்டான், அதுக்கு ஒரு பஞ்சாயத்து. லேப்டாப்ப மடியில வச்சிருந்த ஒருத்தர் எறங்கும்போதே, "வைஃபை இருக்கா?"ன்னு கேட்டாரு, "எல்லாம் இருக்கு, நீரு மொதல்ல வந்து கையக் கழுவும்"னு பதில் கிடைச்சுச்சு, பொழுது சாயும்போது அவரு லுங்கியோட குளத்துல பந்து பொறுக்கிக்கிட்டு நின்னாரு. துணை விமானி சின்னப் பையன், அவனையும் ஒரு வீட்டுல கூப்பிட்டு, கல்யாணம் ஆயிட்டான்னு விசாரிக்கவும் ஆரம்பிச்சுட்டாங்க. மேல மிச்சம் ரெண்டு பேருதான். ஒண்ணு ஆதிலிங்கம், எந்த வீட்டுல கூப்பிட்டும் எறங்கல. இன்னொண்ணு கேப்டன் மயூரி, பொள்ளாச்சிப் பக்கத்துப் பொண்ணு, கடைசி ஆளு எறங்காம நான் எறங்கக்கூடாதுங்கன்னு சொல்லிட்டு.

நான் அதிரசத் தட்டோட ஏணியில ஏறினேன். கேப்டன் கதவுல காலத் தொங்கப் போட்டு உக்காந்து வாங்கிச் சாப்பிட்டாங்க. உள்ள ஆதிலிங்கம் மொகத்தத் திருப்பிக்கிட்டு இருந்தாரு, ஆனா காது இங்கதான் இருந்துச்சு. கீழ தங்கபுஷ்பம், சும்மா பாத்திரம் எடுக்க வந்தவ மாதிரி, ஏணியடியில நின்னா.

"ஏன் இவரு மட்டும் எறங்க மாட்டேங்குறாருங்க?"ன்னு கேப்டன் கேட்டாங்க. நான் காதுகுத்துக் கதையச் சொன்னேன். பெண்டாட்டி கேட்டிருப்பான்னு அண்ணாச்சி, அண்ணாச்சி கேட்டிருப்பாருன்னு பெண்டாட்டி. கேப்டன் அதிரசத்த அப்படியே கையில வச்சுக்கிட்டு என்னையப் பாத்தாங்க.

"ஏனுங்க, எங்களுக்கும் அதேதானுங்க ஆச்சு"ன்னாங்க. "ஒரு இஞ்சின் நின்னு போச்சுங்க. அதொண்ணும் பெரிசில்லீங்க, இன்னொண்ணுல போயிரலாம். நின்னதை முழுசா அணைச்சுப் போடோணும். எதை அணைக்கிறோம்னு ஒருத்தர் சொல்லோணும், இன்னொருத்தர் பாத்து ஆமாங்கோணும். கூட ஓட்டுற தம்பி சொல்லியிருப்பான்னு நான் இருந்தேன், நான் பாத்திருப்பேன்னு தம்பி இருந்துச்சு. ஓடிட்டிருந்ததை அணைச்சுப்போட்டோமுங்க. ஒரே ஒரு வார்த்தைங்க. ரெண்டு பேருமே நல்லவங்கதான், ரெண்டு பேருக்குமே வேலை தெரியும்."

கீழ நின்ன தங்கபுஷ்பம் பாத்திரத்த எடுக்காமலே போயிட்டா. அன்னைக்குச் சாயந்தரம் அவ வீட்டுல புருசனோட பேசின பேச்சு தெருவுக்கே கேட்டுச்சு. "நீங்க கேட்டிருப்பியன்னுதான நான் இருந்தேன்?" "உங்க அண்ணன், நீ கேட்டிருப்பன்னுதான்ட்டி நான் இருந்தேன்." இத்தனை வருசத்துல அவங்க ரெண்டு பேரும் இதை ஒருத்தருக்கொருத்தர் சொன்னதே அன்னைக்குத்தான். அதுக்காக அவ எறங்கி வந்துட்டாளா? அந்தக் குடும்பத்துல அப்படி எறங்கி வர ஆளு கிடையாது.

கல்யாணத்தன்னைக்கு விடிஞ்சுச்சு. பந்தல்ல வாழை கட்டியாச்சு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சு, விமானத்துல வந்தவங்க எல்லாம் அவங்கவங்க வீட்டுக்காரங்களோட உடுத்தி ஒருங்கிப் பந்தல்ல உக்காந்தாச்சு, பச்சைச் சேலைக்காரி சமையக்காரனுக்கே அவியலுக்கு உப்புச் சொல்லிக்கிட்டு இருக்கா. நான் மங்கலமா நாதஸ்வரம் வச்சு விட்டேன். அப்பத்தான் காத்து வந்துச்சு. ஆடிக் காத்து, ஆடிக்கு முன்னாலயே. காத்தாலை அத்தனையும் ஒரே நேரத்துல சுத்த ஆரம்பிச்சுது, பந்தல் உப்புச்சு, என் குழாய் ரெண்டு திரும்பிக்கிட்டு வானத்தப் பாத்துப் பாடுச்சு. குளத்துக்கு மேல நின்ன விமானம் ஒரு குலுக்குக் குலுங்கி, ஒரு ஆளுயரம் மேல போச்சு. பொறவு இன்னொரு ஆளுயரம்.

"ஐயோ, பறக்கப்போவுது!"ன்னு லிங்கக்கனி அக்கா போட்ட கூப்பாட்டுல பந்தல் காலியாயிட்டு. கோயில்ல இருந்து தேர் வடத்தத் தூக்கிட்டு வந்து மேல வீசினோம், கேப்டன் அதைக் கதவுக் கம்பியில சுத்தி முடிஞ்சாங்க. ஊர்க்காரன், விமானத்துல வந்தவன், மாப்பிள்ளை வீட்டான், எல்லாரும் வடத்தப் பிடிச்சு இழுத்தோம், சமையக்காரன் கரண்டியோட வந்து பிடிச்சான். ஆனாலும் அது போவுது. ரெண்டு உசுரு மேல இருக்கு. கயிறு கையறுக்குது, முகூர்த்த நேரம் போவுது.

சுபிதா கல்யாணப் பட்டோட ஓடி வந்தா. ஏணியப் பிடிச்சுக்கிட்டு, "மாமா, வாங்க மாமா!"ன்னு அழுதா. விமானம் கொஞ்சம் தாழ்ந்துச்சு. ஆதிலிங்கம் கதவுக்கு வந்துட்டாரு. கண்ணு கலங்கியிருக்கு, ஆனா காலு வரல. "நீ கூப்பிட்டது போதும்ட்டி என் தங்கம், என் மனசு எறங்கிட்டு. காலு எறங்க மாட்டேங்குதே, நான் என்ன செய்ய?"ன்னாரு. மெய்யாத்தான் சொன்னாரு, ஒரு காலத் தூக்கி வெளிய வைக்கப் பாத்தாரு, முடியல.

அடுத்து வைகுண்டமணி அண்ணாச்சி வந்தாரு, தலையில கட்டின தலைப்பாகைய அவுத்துக் கையில வச்சுக்கிட்டாரு. "வாங்க மச்சான். அன்னைக்குக் கேக்க வேண்டியது, இன்னைக்குக் கேக்குதேன், வாங்க." விமானம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்துச்சு. ஏணிக்கும் கதவுக்கும் பழையபடி ஒரு முழம். அந்த ஒரு முழம் மட்டும் போக மாட்டேங்குது.

எல்லாரும் திரும்பி வீட்டு வாசலப் பாத்தோம். தங்கபுஷ்பம் வந்தா. வடத்தப் பிடிச்சவங்க வழி விட்டாங்க. வந்து நின்னு, முந்தானைய இழுத்துச் சொருகி, கையக் கூப்பி, வீட்டுக்கு வந்த சம்பந்தகாரங்களக் கேப்பாங்கள்லா, அப்படிப் பவிசாக் கேட்டா: "வாங்க."

முடிஞ்சுதுன்னு நான் குழாயத் திருப்பப் போனேன். விமானம் விருட்டுனு மேல போச்சு! வடம் கையில இருந்து உருவிக்கிட்டுப் போச்சு, ஏணி சரிஞ்சுச்சு, முன்னால நின்ன நாலு பேரு தரையில கிடந்தாங்க. ஆதிலிங்கம் கதவுக் கம்பிய ஒரு கையால பிடிச்சுத் தொங்குறாரு. தொங்கிக்கிட்டே கத்தினாரு பாருங்க, அந்தக் காத்துலயும் எல்லாருக்கும் கேட்டுச்சு.

"யாரை வாங்கன்னு கேக்கா இவ? நான் என்ன கலெக்டரா?"

அப்பத்தான் எங்களுக்கு உறைச்சுது. எப்படி அவ வாங்கன்னு கேப்பா? பொறந்ததுல இருந்து அவ அவரை வான்னுதான் கூப்பிட்டிருக்கா. ஒரே தட்டுல தின்ன பிள்ளைங்க. அண்ணே வா, அண்ணே போ, அண்ணே எனக்கு மாங்கா பறின்னு வளந்தவளுக்கு, கல்யாணம் ஆகி வீட்டுக்காரியா ஆன பொறவு, சபையில அண்ணனை வாங்கன்னு கேக்கணுமா வான்னு கேக்கணுமான்னு ஒரு தயக்கம். வாங்கன்னா யாரோ ஆயிருவாரு, வான்னா ஊரு சிரிக்கும். அந்தத் தயக்கத்துலதான் அன்னைக்கு அவ அடுப்படிய விட்டே வரல, புருசன் கேக்கட்டும்னு விட்டுட்டா. இதை எந்தச் சண்டையிலயும் அவ சொன்னது கிடையாது, அவளுக்கே அந்த நிமிசம்தான் தெரிஞ்சிருக்கும்.

தங்கபுஷ்பம் கூப்பின கைய விட்டா. முந்தானை பறக்குது, கொண்டை அவுந்து போச்சு, எதையும் பாக்கல. மூக்கு செவந்து, மொகமெல்லாம் கண்ணீரு.

"ஏ அண்ணே!"ன்னு கத்தினா. "கோட்டிக்கார அண்ணே! எங்க தொங்குத? விழுந்து தொலைக்காத! எறங்கி வா! வாண்ணே!"

காத்து நின்னுச்சு. சுத்தின காத்தாலை எல்லாம் ஒண்ணு ஒண்ணா ஓஞ்சுச்சு. விமானம் எறங்குச்சு, ஏணி உயரத்துக்கு இல்ல, முழுசா, அடைகோழி முட்டை மேல உக்காருத மாதிரி பையப் பைய எறங்கி, சக்கரம் மூணும் குளத்து மண்ணத் தொட்டு நின்னுச்சு. ஆடுங்கதான் கொஞ்சம் தள்ளிப் படுத்துச்சு. ஆதிலிங்கம் கம்பிய விட்டுட்டுத் தரையில நின்னாரு. அண்ணனும் தங்கச்சியும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்காங்க, அவரு அவ மூக்கப் பாத்துச் சிரிச்சாரு, அவ அவரு தோள்ல ஒண்ணு போட்டா. பொம்பளைங்க குலவை போட்டாங்க. நான் அழுதேன், எனக்கென்ன வெக்கம், மைக்கு வேற கையில இருந்துச்சு, நான் மூக்க உறிஞ்சினது எட்டு ஊருக்குக் கேட்டுட்டு.

பாதி பேரு பந்தலப் பாத்து நடக்க ஆரம்பிச்சப்ப, பின்னால இருந்து ஒரு குரல். "ஏனுங்க… என்னையும் யாராச்சும் கூப்பிட்டீங்கன்னா…"

கேப்டன் மயூரி! தொப்பியக் கையில வச்சுக்கிட்டுக் கதவுலயே நிக்காங்க. தரை ஒரு முழம் கீழதான் இருக்கு, ஆனா எறங்கல. நாங்க நாக்கக் கடிச்சுக்கிட்டோம், ஊரே ஒண்ணா வாயத் தொறந்துச்சு. அதுக்கு முன்னால ஆதிலிங்கம் திரும்பிட்டாரு. வேட்டிய எறக்கி விட்டு, கையக் கூப்பி, கல்யாண வீட்டு ஆளா நிமிந்து நின்னு, "வாங்கம்மா, வாங்க, நம்ம வீட்டுக் கல்யாணம், வந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்"னாரு. நம்ம வீடுன்னு அவரு சொன்னதக் கேட்டு வைகுண்டமணி அண்ணாச்சி தலைப்பாகைய மறுபடியும் கட்டினாரு, மூணு தடவை அவுந்து போச்சு.

மாமன் மாலை போட்டாரு, சுபிதா மணவடையில உக்காந்தா, தாலி கட்டியாச்சு. முகூர்த்தம் தப்பிட்டான்னு யாரும் கடிகாரத்தப் பாக்கல. ஒரு விமானம் நெறைய ஆளுங்க வந்திருந்து பந்தி போட்ட கல்யாணம் எங்க தாலுகாவுலயே அது ஒண்ணுதான், பாயாசம் மட்டும் பத்தாமப் போச்சு, அதுக்கு இன்னைக்கும் சமையக்காரன் எங்களைத் திட்டுதான்.

பொறவு விமானக்காரங்க வந்து இஞ்சினப் பாத்தாங்க, ரெண்டும் சுத்துச்சு. கெளம்பும்போது கேப்டன் கதவுல நின்னு போகட்டுங்களான்னு கேட்டாங்க, நாங்க எல்லாரும் சேந்து போயிட்டு வாங்கன்னோம், குளத்து மண்ணுலயே ஓடி ஏறிப் போயிட்டு. இப்பவும் உச்சிப்பொழுதுக்கு அது மேல போகும். குளத்துக்கு நேரா வரும்போது ஒரு பக்கத்து இறக்கையச் சாச்சுட்டுத்தான் போகும், அதப் பாத்துத்தான் உலை வைக்கோம்.

இன்னும் ஒண்ணு சொல்லணும். அடுத்த பொங்கலுக்கு ஆதிலிங்கம் வந்தாரு. தெருவுல ஆட்டோவ விட்டு எறங்கி, பையத் தூக்கிக்கிட்டு வந்து, தங்கச்சி வீட்டு வாசல்ல நின்னாரு. வேணும்னுதான் நின்னாரோ, பழைய நெனப்புதானோ, யாரு கண்டா. தெருவே மூச்சப் பிடிச்சுக்கிட்டுச்சு. லிங்கக்கனி அக்கா கறந்துக்கிட்டிருந்த பாலை நிறுத்திட்டா. நான் குழாயில ஓடின பாட்ட நிறுத்திட்டேன். அவரு நின்னாரு, நின்னாரு, நின்னுக்கிட்டே இருந்தாரு.

உள்ள அடுப்படியில இருந்து தங்கபுஷ்பம் சத்தம் கேட்டுச்சு. "அங்கன என்ன மரம் மாதிரி நிக்க? வந்து இந்தத் தேங்காயத் துருவு."

ஆதிலிங்கம் செருப்ப உதறிட்டு ஓடினாரு.